போக ஏழரை மணி, வர ஒன்றரை மணி: மாலே – சிங்கப்பூர் விமானக் கணக்கு

கருங்கல் ஊரில் எனக்கு ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பட்டா, ஆதார், ரேஷன் கார்டில் பெயர் திருத்தம் என்று வருகிறவர்களுக்கு நடுவே, விமான டிக்கெட்டைப் பிரிண்ட் எடுக்க வருகிறவர்களும் உண்டு. நம் குமரி மாவட்டத்தில் தெருவுக்கு நாலு பேராவது வெளிநாட்டில் இருக்கிறார்கள். டிக்கெட் வாட்ஸ்அப்பில் வந்தாலும், கையில் ஒரு தாள் இருந்தால்தான் வீட்டுப் பெரியவர்களுக்கு நிம்மதி.

அப்படி ஒரு நாள் ஓர் அம்மா வந்தார். மகள் மாலத்தீவின் தலைநகர் மாலேயில் நர்ஸ். மகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. மகனின் குழந்தைக்கு ஞானஸ்நானம். அத்தைக்காரி மாலேயிலிருந்து நேராக சிங்கப்பூர் போய்விட்டு மாலேக்கே திரும்புகிறாள். “ஒரு பிரிண்ட் போட்டுத் தா மக்ளே, வேதப்புஸ்தகத்துக்குள்ள வெச்சிருக்கணும்” என்றார்.

தாள் வெளியே வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை ஓட்டிப் படித்தார். போகும்போது மாலேயில் இரவு 10 மணிக்குப் புறப்பாடு, சிங்கப்பூரில் காலை 5.30க்கு வருகை. திரும்பும்போது சிங்கப்பூரில் இரவு 8 மணிக்குப் புறப்பாடு, மாலேயில் இரவு 9.30க்கு வருகை. விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“போவச்சில ஏழரை மணி நேரம். வரச்சில ஒன்றரை மணி நேரமா? அதென்ன மக்ளே, போவச்சில கயற்றமும் வரச்சில எறக்கமுமா?”

“டைம் வித்தியாசம் அம்மா” என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். கடையில் கூட்டம். பதில் தப்பில்லை, ஆனால் அவருக்கு அது எட்டவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இரண்டு தீவு நகரங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்ற கேள்விக்குள் இரண்டு மூன்று கணக்குகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் போட்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

தூரத்தில் தொடங்குவோம். நம் கடற்கரைக்காரர்களுக்கு இது புதிதில்லை. தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறைப் பக்கம் ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர்களிடம் கிலோமீட்டரில் தூரம் கேட்டால் சிரிப்பார்கள். அவர்களுக்கு எல்லாம் நாட்டிக்கல் மைல்தான். விமானிக்கும் அதே அளவுதான். கடலில் பிறந்த அளவு அப்படியே ஆகாயத்துக்கு ஏறிவிட்டது.

ஒரு நாட்டிக்கல் மைல் என்பது 1,852 மீட்டர். சாதாரண மைலைவிட ஏன் இது பெரியது? பூமியை வடக்கு தெற்காக அளக்கும் பாகைக் கணக்கிலிருந்து வந்ததுதான் காரணம். ஒரு பாகையை 60 கலைகளாகப் பிரிக்கிறோம் அல்லவா, அதில் ஒரு கலைக்கு உண்டான தரைத்தூரம்தான் ஒரு நாட்டிக்கல் மைல். 1929இல் மொனாக்கோவில் கூடிய ஒரு சர்வதேச மாநாடு அதை 1,852 மீட்டர் என்று கறாராக வரையறுத்தது. ஆக ஒரு பாகை என்றால் 60 நாட்டிக்கல் மைல், ஏறத்தாழ 111 கி.மீ. இந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டால் போதும், பாதிக் கணக்கு முடிந்தது.

மாலே இருப்பது வட அட்சம் 4.2 பாகை, கிழக்குத் தீர்க்கம் 73.5 பாகை. சிங்கப்பூர் விமான நிலையம் 1.35 பாகை வடக்கே, 104 பாகை கிழக்கே. வடக்கு தெற்கு வித்தியாசம் 2.85 பாகை. அதை 60ஆல் பெருக்கினால் 171. கிழக்கு மேற்கு வித்தியாசம் 30.5 பாகை. அதை 60ஆல் பெருக்கினால் 1,830. இப்போது பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்துபோன பிதாகரஸை எழுப்புங்கள். இரண்டையும் வர்க்கம் செய்து, கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 1,838 நாட்டிக்கல் மைல் வரும். 1.852ஆல் பெருக்கினால் 3,400 கி.மீ.யும் கொஞ்சமும். கணினி போட்டுத் தரும் விடையும் அதுதான். காகிதமும் பேனாவும் வைத்து இந்த அளவுக்கு நெருங்க முடிகிறது என்பதில் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

ஆனால் எல்லா ஊருக்கும் இந்தக் குறுக்குவழி பலிக்காது. மாலேயும் சிங்கப்பூரும் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் பலித்தது. தீர்க்கக்கோடுகள் துருவத்தை நோக்கிப் போகப்போக ஒன்றை ஒன்று நெருங்கும், ஆரஞ்சுச் சுளைகளின் நுனிபோல. பூமத்திய ரேகையில் 111 கி.மீ. அகலம் இருக்கும் ஒரு பாகை, லண்டன் இருக்கும் உயரத்தில் 70 கி.மீ.க்குள் சுருங்கிவிடுகிறது. சுவரில் மாட்டும் தட்டையான படம் இந்தச் சுருக்கத்தை மறைத்து, வடக்கே இருக்கும் நிலத்தையெல்லாம் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

வீட்டில் பழைய கால்பந்து கிடக்கும். நம் கடற்கரை ஊர்களில் கிடக்காவிட்டால்தான் அதிசயம். அதில் இரண்டு இடத்தில் பேனாவால் புள்ளி வைத்து, நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூல் தானாகவே மிகக் குறுகிய வழியில் போய் உட்காரும். அந்த நூல் போகிற பாதையைப் பெருவட்டப் பாதை என்பார்கள். இரண்டு ஊருக்கு இடையே விமானத் தூரம் என்று எங்கு போட்டிருந்தாலும் அது அநேகமாக இந்த நூலின் நீளம்தான். மாலே – சிங்கப்பூர் விஷயத்தில் படத்தில் ஸ்கேல் வைத்து இழுக்கிற கோடும் இந்த நூலும் கிட்டத்தட்ட ஒன்றின் மேல் ஒன்று படிந்துவிடும். நீளத்தில் ஒரு கிலோமீட்டர்கூட வித்தியாசம் வராது. லண்டனையும் டோக்கியோவையும் எடுத்துக்கொண்டால் கதை வேறு. அவையும் தீவு நகரங்கள்தான், தீவு கொஞ்சம் பெரியது, அவ்வளவே. நூல் வழியே 9,600 கி.மீ. படத்தில் ஸ்கேல் வைத்து இழுத்த கோட்டின் வழியே போனால் 11,300ஐத் தாண்டும்.

இன்னொரு விளையாட்டுக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். கருங்கல்லிலிருந்து நூல் பிடித்தால் மாலே ஏறத்தாழ 610 கி.மீ., சென்னை 630. நம் மாநிலத் தலைநகரைவிட அடுத்த நாட்டின் தலைநகர் நமக்குக் கிட்டே இருக்கிறது! சென்னைக்கு ரயிலில் ஓர் இரவு முழுக்கக் குலுங்கிக்கொண்டு போகிற நமக்கு இதை நம்பக் கொஞ்சம் சிரமம்தான்.

சரி, தூரம் 3,400 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நேரம்?

பெரிய ஜெட் விமானம் உச்சத்துக்கு ஏறி நேராகப் பறக்கும்போது மணிக்கு 850 கி.மீ. வாக்கில் போகும். 3,400ஐ 850ஆல் வகுத்தால் சரியாக 4 மணி. ஆனால் அட்டவணையில் நாலரை மணி நேரம், முன்னே பின்னே இருக்கும். அந்த மிச்ச அரை மணி எங்கே போனது?

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாலே மினிமம் சார்ஜ் உண்டல்லவா, அதுபோலத்தான். விமானம் ஓடுபாதை வரை ஊர்ந்து போக வேண்டும், முன்னால் நிற்பது கிளம்பும்வரை காத்திருக்க வேண்டும், மெதுவாக ஏற வேண்டும், இறங்கும்போது வேகத்தைக் குறைத்து வரிசையில் சேர வேண்டும். போகிற தூரம் கூடினாலும் குறைந்தாலும் இந்தச் செலவு மாறாது. அதனால் தூரத்தை 850ஆல் வகுத்து அரை மணி கூட்டினால் ஓரளவு சரியான விடை கிடைக்கும். திருவனந்தபுரத்திலிருந்து மாலே 610 கி.மீ. வகுத்தால் 43 நிமிடம், அரை மணி கூட்டினால் ஒன்றேகால் மணிக்குப் பக்கம். அட்டவணையில் போடுவதும் ஏறத்தாழ அதையேதான். குறைந்த தூரப் பயணத்தில் மினிமம் சார்ஜ்தான் பெரும்பங்கு. நெடுந்தூரத்தில் அது கரைந்து போகிறது.

டிக்கெட்டில் இருக்கும் நேரம் ஆகாயத்தில் இருக்கும் நேரம் மட்டுமில்லை என்பது இதிலிருந்தே தெரியும். விமானத்துறையில் அதற்கு பிளாக் டைம் என்று பெயர். பிளாக் என்பது வேறொன்றுமில்லை, நம் ஊர் முட்டுக்கட்டைதான். சரிவில் லாரியை நிறுத்தினால் கிளீனர் குதித்து இறங்கி டயருக்கு அடியில் ஒரு கட்டையைச் சொருகுவார், பார்த்திருப்பீர்கள். நின்றுகொண்டிருக்கும் விமானத்தின் சக்கரத்துக்கும் அதே மாதிரி கட்டை கொடுப்பார்கள். அந்தக் கட்டையை எடுத்து விமானம் அசையத் தொடங்கியதிலிருந்து, சேர்ந்த ஊரில் நின்று மறுபடி கட்டை கொடுப்பது வரை உள்ள நேரமே பிளாக் டைம். கோடிக்கணக்கில் விலை போகிற இயந்திரத்தின் கால அட்டவணை ஒரு கட்டையில் தொடங்கி ஒரு கட்டையில் முடிகிறது.

போகிற வழி நூல் பிடித்தாற்போல இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாலேயை விட்டால் சுமத்ராவை ஒட்டிய தீவுகள் வரும்வரை கீழே கடல்தான். அப்புறம் சுமத்ராவைத் தாண்டி, மலாக்கா ஜலசந்தியைத் தாண்டி சிங்கப்பூர். பூமத்திய ரேகைப் பகுதியில் இடிமேகங்கள் கோபுரம்போல நிற்கும்; விமானி சுற்றிக்கொண்டுதான் போவார். சில வேளை ஒரு நாட்டின் வான்வழியே மூடிக்கிடக்கும். 2022இல் ரஷ்ய வான்வழி அடைபட்டபோது, முன்பு 12 மணி நேரத்தில் முடிந்த லண்டன் – டோக்கியோ பயணம் 14 மணி நேரமாகிவிட்டது. இரண்டு ஊரும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன, பந்தில் நூலின் நீளமும் அதேதான்.

அடுத்தது காற்று. இதை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு முப்பந்தலை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேற்கிலிருந்து காற்று பிய்த்துக்கொண்டு வரும், காற்றாலைகள் எல்லாம் மேற்கே முகம் திருப்பி ஓடிக்கொண்டிருக்கும். அதே நாளில், அதே இடத்தில், பத்துப் பதினைந்து கி.மீ. மேலே போனால் காற்று நேர்மாறாகக் கிழக்கிலிருந்து மேற்கே வீசும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் தலைக்கு மேலே ஓடும் இந்தக் கீழைக்காற்று ஆற்றை 1950களில் விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். அது வேகமாக ஓடுவது விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே என்றாலும், விமான உயரத்திலும் அதன் இழுப்பு இருக்கும்.

காற்று மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் கிழக்கிலிருந்து வீசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலேயிலிருந்து கிழக்கே போகிற விமானத்துக்கு அது எதிர்காற்று. தரையைப் பொறுத்த வேகம் 800. பயணம் நாலேகால் மணி. திரும்பி வருகிற விமானத்துக்கு அதுவே பின்காற்று. வேகம் 900, நேரம் 3 மணி 47 நிமிடம். வித்தியாசம் அரை மணிக்குள். ஆக, அந்த அம்மா கேட்ட கயற்றமும் இறக்கமும் முழுக்கப் பொய்யில்லை. ஆகாயத்தில் மேடு பள்ளம் உண்டு, பெயர்தான் காற்று. ஆனால் ஏழரைக்கும் ஒன்றரைக்கும் இடையே உள்ள ஆறு மணி நேரத்தை எந்தக் காற்றாலும் விழுங்க முடியாது.

அந்த ஆறு மணி நேரத்தை விழுங்கியது கடிகாரம்.

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படி, சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படி அச்சாகியிருக்கும். உலகம் முழுக்க இதுதான் வழக்கம். மாலேயின் கடிகாரம் நமக்கு அரை மணி பின்னால். சிங்கப்பூர் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். ஆக இரண்டு தீவுகளுக்கும் நடுவே 3 மணி. கிழக்கே போகும்போது பயண நேரத்தோடு இந்த 3 மணி சேர்ந்துகொள்ளும்: நாலரையும் மூன்றும் ஏழரை. மேற்கே வரும்போது கழிந்துவிடும்: நாலரையில் மூன்று போனால் ஒன்றரை. இரண்டுக்கும் நடுவே ஆறு மணி எப்படி வந்தது என்பது இப்போது தெரிந்திருக்கும். மூன்று மணி வித்தியாசம் ஒரு பக்கம் கூடி, மறுபக்கம் கழிகிறது.

இதில் ஒரு சின்ன வேடிக்கை இருக்கிறது. பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கிறது. மாலேக்கும் சிங்கப்பூருக்கும் இடையே முப்பது பாகைதான் என்று மேலே பார்த்தோம். அப்படியானால் சூரியக் கணக்கில் 2 மணி நேர வித்தியாசம்தான் வர வேண்டும். ஆனால் சிங்கப்பூர் 1982 ஜனவரி 1 முதல் தன் கடிகாரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளி வைத்துக்கொண்டது. அதற்கு முன்பே சூரியனைவிடக் கொஞ்சம் முந்தித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் அங்கே உச்சிவெயில் பகல் ஒரு மணி வாக்கில்தான் அடிக்கும். நாமும் யோக்கியமில்லை. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கத்துக்கு உரியது. கன்னியாகுமரி இருப்பதோ 77.5 பாகையில். ஐந்து பாகைக்கு 20 நிமிடம். நமக்கு உச்சிப்பொழுது சராசரியாகப் பார்த்தால் 12.20க்குத்தான். நேரம் என்பது சூரியன் பாதியும் அரசாங்கம் பாதியும் சேர்ந்து வைப்பது.

இணையத்தில் இரண்டு ஊர்ப் பெயரைக் கொடுத்தால் தூரத்தையும் நேரத்தையும் காட்டும் கணிப்பான்கள் நிறைய இருக்கின்றன. கடைக்கு வருகிற பிள்ளைகள் அதைக் காட்டி, “அண்ணே, மூணு மணி நேரந்தான் போட்டிருக்கு” என்பார்கள். அவை செய்வதும் நாம் மேலே செய்த அதே வகுத்தல்தான். அங்கே விமானம் ஓடுகிறதா என்று அவற்றுக்குத் தெரியாது. லட்சத்தீவின் அகத்தியையும் அந்தமானின் போர்ட் பிளேரையும் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) கொடுத்துப் பாருங்கள்: 2,240 கி.மீ., மூன்று மணிச் சொச்சம் என்று கூசாமல் சொல்லும். அகத்தியின் ஓடுபாதை 1,200 மீட்டர்தான் நீளம். அங்கே இறங்குவது விசிறி வைத்த ஏ.டி.ஆர். ரகச் சின்ன விமானம். அதன் வேகமே மணிக்கு 500 கி.மீ. வாக்கில்தான், ஒரே மூச்சில் அவ்வளவு தூரம் போகவும் போகாது. உண்மையில் போகிறவர் கொச்சி வந்து, அங்கிருந்து சென்னையோ வேறு ஊரோ போய், அப்புறம் அந்தமான் விமானம் பிடிக்க வேண்டும். மூன்று மணி என்று காட்டியது ஒரு நாளைத் தின்றுவிடும்.

வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை என்று பார்த்தால் கணக்கு இன்னும் மாறும். மாலே விமான நிலையம் மாலேயில் இல்லை. பக்கத்தில் ஹுல்ஹுலே என்ற தனித் தீவில் இருக்கிறது. 2018இல் பாலம் திறக்கும்வரை, விமானத்திலிருந்து இறங்கியதும் படகு ஏறித்தான் ஊருக்குள் போக வேண்டும். அங்கே படகுக்குப் பெயர் என்ன தெரியுமா? தோணி! அவர்கள் தங்கள் திவேகி மொழி உச்சரிப்பில் கொஞ்சம் அழுத்திச் சொல்வார்கள். சிங்கப்பூரின் சாங்கி நிலையம் தீவின் கிழக்கு ஓரத்தில். இறங்கி ரயிலோ டாக்சியோ பிடித்தால் போதும்.

நம் பக்கத்துக் கதையைச் சொல்லவே வேண்டாம். மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. கருங்கல்லிலிருந்து மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று நின்று திருவனந்தபுரம் போய்ச் சேர, ஐம்பது கி.மீ.க்கு இரண்டு மணி நேரம். மூன்று மணி நேரம் முன்னதாக ஆஜராக வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு கடலைத் தாண்டிப் பறப்பது ஒன்றேகால் மணி!

மறு வாரம் அந்த அம்மா ஆதார் நகல் எடுக்க வந்தார். கடையில் ஆளில்லை. “அந்த டிக்கெட் கையில இருக்கா அம்மா?” என்று கேட்டேன். பையிலிருந்து வேதப்புஸ்தகம் வந்தது, அதிலிருந்து நாலாக மடித்த தாள் வந்தது. பின்பக்கம் திருப்பி, நாலு நேரத்தையும் நம் ஊர்க் கடிகாரத்துக்கு மாற்றி எழுதினேன். மாலேயில் ஏறும்போது நமக்கு இரவு 10.30. சிங்கப்பூரில் இறங்கும்போது நமக்கு விடியற்காலை 3.00. திரும்பி ஏறும்போது நமக்கு மாலை 5.30. மாலேயில் இறங்கும்போது நமக்கு இரவு 10.00.

மறுபடி விரல் விட்டார். ஒரு முறை, இரண்டு முறை.

“போவச்சிலயும் நாலரை, வரச்சிலயும் நாலரை.”

“ஆமா.”

“இத அன்னைக்கே எழுதித் தந்திருக்கலாம்லா மக்ளே” என்று தாளை மடித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடி விரித்து, என் பேனாவை வாங்கி, 3.00 என்ற எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். “இறங்கினதும் போன் பண்ணுவா. அலாரம் வைக்கத் தெரியுமா உனக்கு, இந்த போன்ல?”